யாருடைய கோபம் அடங்க வேண்டும்?

கோபத்தை அடக்க வேண்டும், பிறர் பேசுவதைப் பொறுமையோடு கேட்க வேண்டும் என்ற போதனைக்கு நம் சபைகளில் பஞ்சம் இல்லை. லெந்து நாட்களின் கூட்டங்களிலும் வீட்டு ஜெபங்களிலும் திருமண ஆராதனைகளிலும் அது தவறாமல் ஒலிக்கிறது. ஆனால் நடைமுறையில் யாரைப் பார்த்து அது சொல்லப்படுகிறது என்று கவனித்தால் ஒரு கோணல் தெரியவரும். புகுந்த வீட்டில் வாய்திறந்த மருமகளிடம் சொல்கிறோம். குடித்துவிட்டு வரும் கணவனோடு மல்லுக்கு நிற்கும் மனைவியிடம் சொல்கிறோம். சபைக் கூட்டத்தில் கணக்குக் கேட்கும் இளைஞனிடமும், ஷூ கம்பெனியில் ஓவர்டைம் கூலிக்காகக் குரலை உயர்த்திய பெண்ணிடமும் சொல்கிறோம். அடித்தவரைவிட அழுதவருக்கே பொறுமை அதிகமாகப் போதிக்கப்படுகிறது. போதனை நல்லதுதான். அது போய்ச்சேரும் இடம்தான் தவறியிருக்கிறது. கோபத்தை அடக்கு, பொறுமையாய்க் கேள் என்ற கட்டளை முதலாவதாக அதிகாரம் உள்ளவருக்கு உரியது. யாருடைய கோபம் இன்னொருவரின் கூலியை, வேலையை, மானத்தை, உயிரைத் தொட முடியுமோ அவருக்கு உரியது. பாதிக்கப்பட்டவருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அது பிறகு வருவது, வேறு வகையில் வருவது. இதற்கான சான்றுகளைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று நீளும் பாலாற்றுத் தோல் வட்டாரத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றிலேயே அவை கிடக்கின்றன.

முதலில் வேதத்தைப் பார்ப்போம். யாக்கோபின் நிருபம் ஐந்தே அதிகாரங்கள் கொண்டது. ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், அப்படித்தான் வாசிக்கவும் வேண்டும். முதல் அதிகாரத்தின் 19, 20 ஆகிய வசனங்கள் கேட்பதில் விரைவும், பேசுவதில் நிதானமும், கோபத்தில் தாமதமும் வேண்டும் என்கின்றன. மனிதனுடைய கோபம் கடவுளின் நீதியைக் கொண்டுவராது என்ற காரணமும் உடன் வருகிறது. நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. யாக்கோபு நிற்கவில்லை. இரண்டாம் அதிகாரத்தில், பொன்மோதிரம் போட்டவர் உள்ளே வந்தால் நல்ல இருக்கை கொடுத்து, கந்தலோடு வந்த ஏழையை ஓரமாக நிறுத்தும் சபையைக் கண்டிக்கிறார். நாவைப் பற்றிய புகழ்பெற்ற மூன்றாம் அதிகாரத்தை, போதகராக ஆசைப்படுகிறவர்களுக்கான எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறார். ஐந்தாம் அதிகாரத்தில் அறுவடைக்காரரின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்ட நிலச்சொந்தக்காரர்களிடம் பேசுகிறார். அந்தக் கூலி முறையிடுகிறது, உழைத்தவர்களின் குரல் ஏற்கெனவே கடவுளின் காதுக்குப் போய்விட்டது என்று அவர்களுக்கு அறிவிக்கிறார். உழைத்துக் களைத்தவர்களைப் பொறுமையாயிருக்கச் சொல்வது அதற்கு அடுத்த வசனங்களில்தான். இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மேலே இருப்பவருக்கு முதலில் கண்டனம், கீழே இருப்பவருக்கு ‘உன் குரல் கேட்கப்பட்டது’ என்ற உறுதி, பிறகுதான் பொறுமை. நடுவிலுள்ள உறுதியை எடுத்துவிட்டுப் பொறுமையை மட்டும் போதிப்பவர் யாக்கோபைப் பாதியில் மூடிவைத்தவர்.

இதே கருத்தை நம் மொழியின் அறநூல் இன்னும் கூர்மையாகச் சொல்லியிருக்கிறது. திருக்குறளின் வெகுளாமை அதிகாரத்து முதற் குறளின் பொருள் இதுதான்: தன் கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அதைக் காப்பவனே உண்மையில் கோபத்தைக் காத்தவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? பரிமேலழகர் இந்த இரண்டு இடங்களையும் எளியவரிடம் கொள்ளும் கோபம், வலியவரிடம் கொள்ளும் கோபம் என்று பிரித்துக் காட்டுகிறார். மேலதிகாரியிடம் வாய்மூடி நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையை அடிப்பவரை வள்ளுவர் பொறுமைசாலியாக ஏற்கமாட்டார். அவர் பொறுத்தது அச்சத்தால். சோதனை நடந்த இடம் வீடு, அங்கே அவர் தோற்றார். கிறிஸ்தவர் ஒருவர் தம் சாந்தகுணத்தை அளந்துபார்க்க வேண்டுமானால் இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்காது.

அதிகாரத்தில் இருப்பவர் கேட்க மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூர்க் கோட்டையே சாட்சி. 1805இன் கடைசியில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். அணிவகுப்பில் திருநீறும் நாமமும் கூடாது, கடுக்கன் கூடாது, தாடி மழிக்கப்பட வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பி அணிய வேண்டும் என்பவை அவை. 1806 மே மாதத்தில் வேலூரில் சிப்பாய்கள் சிலர் அந்தத் தொப்பியை அணிய மறுத்தனர். அது முறையீடாகத்தான் தொடங்கியது. பதிலாகக் கிடைத்தது படை நீதிமன்றம். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கிளர்ச்சி வரப்போகிறது என்று கர்னல் ஃபோர்ப்ஸிடம் நேரில் போய் எச்சரித்தார். அவருக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டி அடைத்துவைத்தார்கள். ஜூலை 10 அதிகாலையில் கோட்டை வெடித்தது. ஐரோப்பியர் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து கோட்டையை மீட்டபோது சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். சரணடைந்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதும் நடந்தது. கிளர்ச்சிக்கு அரசியல் காரணங்களும் உண்டு. திப்புவின் குடும்பத்தார் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தனர். ஆனாலும் மே மாதத்து முறையீட்டையும் ஜூன் மாதத்து எச்சரிக்கையையும் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் ஜூலை அப்படி இருந்திருக்காது. கட்டளையிட்டவர்களும் கசையடி விதித்தவர்களும் ஞாயிறுதோறும் ஜெபப்புத்தகத்தைக் கையில் எடுத்தவர்கள். யாக்கோபின் நிருபம் அவர்களுக்குப் புதிதல்ல. அந்தக் கட்டளை தங்களுக்கு என்று அவர்கள் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு திருப்பத்தூரில் இருக்கிறது. 1921இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியது. சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும், ஏர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் அதை நிறுவினர். ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையே சமத்துவத்தை வளர்ப்பதும், இந்திய முறையில் கிறிஸ்தவ வாழ்வை வாழ்ந்துகாட்டுவதும் அதன் நோக்கங்கள். மருத்துவமனை, பள்ளி, கதர், எளிய உணவு, கோபுரத்தோடு திராவிடப் பாணியில் எழுந்த ஜெப ஆலயம் ஆகியவை பலரும் எழுதியவை. என் கவனத்தை ஈர்ப்பது அந்த இருவரும் அழைக்கப்பட்ட முறை. ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். கம்பளித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய குடும்பத்தின் வாரிசு ஒருவர், ஆளும் இனத்தைச் சேர்ந்தவர், ஆளப்படும் நாட்டின் மனிதரைத் தமக்கு அண்ணனாக்கிக்கொண்டு தாம் தம்பியாக உட்கார்ந்தார். நம் குடும்பங்களில் அண்ணன் பேசும்போது தம்பி கேட்க வேண்டும். அன்றைய மிஷன் பங்களாக்களில் வெள்ளைக்காரர் பேச, இந்திய ஊழியர் நின்றுகொண்டே கேட்டது வழக்கம். அந்த வழக்கத்தை ஆசிரமம் ஓர் உறவுமுறையால் தலைகீழாக்கியது. ‘பொறுமையாகக் கேட்பேன்’ என்று மனதுக்குள் தீர்மானம் எடுப்பது எளிது. அதிகாரத்தில் இருப்பவர் தம் இருக்கையை மாற்றிக்கொள்ளாதவரை அந்தத் தீர்மானம் நீடிக்காது. 1932இல் சென்னைக் கடைத்தெருவில் அந்நியத் துணி மறியல் நடந்தபோது, கதர் உடுத்தியிருந்த பேட்டனைப் போலீசார் தடியால் அடித்துச் சாயநீரைப் பீய்ச்சினர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அது கேள்வியாக எழுந்தது. அவருடைய கோபம் பலிக்கக்கூடிய இடத்தில்தான் அவர் இருந்தார். இந்தியரை அடித்திருந்தால் எழாத கேள்வி அவருக்காக இலண்டனில் எழுந்ததே அதற்குச் சான்று. அதன்பிறகும் பல பத்தாண்டுகள் அவருடைய வாழ்வு திருப்பத்தூர் நோயாளிகளோடுதான் கழிந்தது. அடி வாங்கும் இடத்தில் இருப்பது எப்படி என்பதை அவர் உடம்பால் அறிந்தவர்.

கேட்பதை ஓர் அமைப்பாகவே மாற்றிய இன்னோர் இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1946இல் அங்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தும் முறையை உருவாக்கினார். பெருமைப்படத்தக்க வெற்றி அது. ஆனால் குணமாகித் திரும்பிப் போனவர்களில் சிலர் மனத்தாங்கலோடு வந்தார்கள். மடங்கிய கையைக் கண்டு இரங்கியவர்கள் நிமிர்ந்த கையைக் கண்டு பிச்சை போடவில்லை, தொழுநோயாளி என்று தெரிந்ததால் வேலையும் தரவில்லை என்பது அவர்கள் குறை. மணிக்கணக்கில் நின்று அறுவை செய்த ஒருவருக்கு இதைக் கேட்டு எரிச்சல் வருவது இயல்பு. நன்றிகெட்டவர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். பிராண்ட் அதற்குள் இருந்த உண்மையைக் கேட்டார். கையைத் திருத்தினால் போதாது, பிழைப்பையும் திருத்த வேண்டும் என்பது அவருக்கு விளங்கியது. 1950களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் உருவாகி, அந்தக் கைகளுக்குத் தச்சுவேலையும் பொம்மை செய்யும் தொழிலும் கற்பிக்கப்பட்டன. தொழுநோய் மறுவாழ்வு என்று இன்று உலகம் பேசும் துறைக்கு ஊற்றுக்கண்களில் ஒன்று, கோபப்படாமல் கேட்கப்பட்ட ஒரு முறையீடு.

அதே கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பூட்டிவைப்பதே அன்றைய உலகின் பொது வழக்கம். அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரையும் மருத்துவமனைக்குள் தங்கவைத்துப் பார்த்திருந்தார். வேலூர் மையம் அதை நிலையான முறையாக்கியது. நோயாளியோடு குடும்பத்தாரில் ஒருவராவது தங்க வேண்டும், சமைக்க வேண்டும், மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். குடும்பமும் கேட்கக் கற்றுக்கொள்ளும் இடமாக அது ஆனது. இதன் அருமை பிறகு வந்த ஆய்வுகளால் தெரிந்தது. இலண்டனில் ஜார்ஜ் பிரவுனும் சக ஆய்வாளர்களும் 1972இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சிதைவு நோயிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களை ஒன்பது மாதம் தொடர்ந்து கவனித்தது. வீட்டார் ஓயாமல் குறைகூறியும் வெறுப்பைக் கொட்டியும் அளவுமீறித் தலையிட்டும் வந்த வீடுகளில் 58 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டும் வந்தது. அப்படியில்லாத வீடுகளில் 16 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. சண்டிகரில் நடந்து 1987இல் வெளியான ஆய்வு, இந்தியக் குடும்பங்களில் அத்தகைய கடுமை இலண்டனைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டது. வீட்டில் பேசப்படும் கோபச் சொல்லுக்கு ஓர் அளவிடத்தக்க விலை உண்டு. அதைக் கொடுப்பவர் பேசியவர் அல்லர், கேட்டு நிற்கும் பலவீனர். கோபத்தை அடக்கும் பொறுப்பு வலியவருடையது என்பதற்கு மருத்துவம் தரும் சாட்சி இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது.

கேட்க நேரம் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். ஐந்நூறு குடும்பங்களுக்கு ஒரே ஆயர், புறநோயாளிப் பிரிவில் நீண்ட வரிசை, கம்பெனியில் கப்பல் ஏற்ற வேண்டிய தேதி. நியாயமான கேள்விதான். 1984இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெக்மனும் ஃபிராங்கலும் நோயாளிகளோடு மருத்துவர் பேசிய 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தனர். நோயாளி வாய்திறந்து சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். தம் குறையை முழுவதும் சொல்லி முடித்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. தடையின்றிச் சொல்லவிட்டபோது பெரும்பாலோர் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். இரண்டரை நிமிடத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. ஆக நேரம் இல்லை என்பது பெரும்பாலும் உண்மைக் காரணம் அன்று. அடுத்தவர் சொல்லப்போவது தமக்கு முன்பே தெரியும் என்ற நினைப்புதான் காரணம். அந்த நினைப்பு மருத்துவருக்கு வருவதுபோலவே ஆயருக்கும், தகப்பனுக்கும், முதலாளிக்கும் வரும். ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் 1939இல் வெளிவந்த தம் நூலில், கிறிஸ்தவர் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய முதல் பணி செவிகொடுத்தல் என்று வலியுறுத்தினார். சகோதரனுக்குச் செவிகொடாதவன் நாளடைவில் கடவுளுக்கும் செவிகொடாமல் போவான் என்பது அவருடைய எச்சரிக்கை. தலைமறைவாக நடந்த ஒரு குருமடத்தின் கூட்டுவாழ்விலிருந்து பிறந்த எச்சரிக்கை அது. அந்தக் குருமடத்தை நாஜி அரசு இழுத்துமூடியது.

நம் வட்டாரத்துச் சபைகளும் இந்தத் தேர்வில் எப்போதும் தேறிவிடவில்லை. ஆம்பூரில் வேரூன்றிய மிசூரி லுத்தரன் மிஷன், 1921இல் பெத்தேஸ்தா மருத்துவமனையை நிறுவி எண்ணற்றோரின் நோயைத் தீர்த்தது. அதே மிஷன் 1920களில் அடால்ஃப் ப்ரூக்ஸ் என்ற மொழியறிஞரை ஆம்பூர், வாணியம்பாடி வட்டார முஸ்லிம்களிடையே பணிசெய்ய அனுப்பியது. அவர் வேறொரு திருச்சபையின் ஊழியர்களோடு சேர்ந்து ஜெபித்தது குற்றமாகப் பேசப்பட்டது. அந்த வழக்கு ஏறத்தாழப் பத்தாண்டு இழுத்தது. அவர் தம் நிலையை விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதினார். 1930களின் நடுவில் பணியை இழந்தார். உபதேசத் தூய்மையில் மிஷன் காட்டிய அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மாற்றுமதத்தாரின் மனத்தைக் கேட்டறிய ஒருவரை அனுப்பிய சபை, அவருடைய மனத்தைக் கேட்க முடியாமல் போனது வருத்தத்துக்குரியது. சபைக்குள் எழும் கோபத்துக்கு உபதேச வைராக்கியம் என்ற பெயர் கிடைத்துவிட்டால், அதைக் கண்டிக்க யாருக்கும் துணிவு வருவதில்லை.

இங்கே மூன்று மறுப்புகளை எதிர்கொள்ள வேண்டும். இயேசுவே கோபப்பட்டாரே என்பது முதலாவது. உண்மை. தேவாலய வியாபாரிகளைத் துரத்தினார். சூம்பின கையுள்ளவனை ஓய்வுநாளில் குணமாக்கிய சம்பவத்தில், சுற்றி நின்றவர்களை அவர் கோபத்தோடு பார்த்தார் என்று மாற்கு மூன்றாம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அந்த இடத்தின் அமைப்பைக் கவனியுங்கள். அவர் முதலில் ஒரு கேள்வி கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். அவர்கள் வாய்திறக்கவில்லை. கோபம் அதன்பிறகே வந்தது, அதில் துக்கமும் கலந்திருந்தது. முடிவில் ஒருவனுடைய கை நேரானது. அந்தக் கோபம் அதிகாரம் படைத்தவர்களை நோக்கி, நலிந்த ஒருவனுக்காக எழுந்தது. தம்மை அடித்தவர்களிடமோ, தமக்குக் கீழிருந்த சீஷர்களின் மந்தபுத்தியிலோ அவர் அதைப் பழிவாங்கலாகக் காட்டவில்லை. மருமகள்மேலும் வேலைக்காரர்மேலும் பாய்வதற்கு இயேசுவைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் மாற்குவை மறுபடி வாசிக்க வேண்டும்.

கோபத்தை உள்ளே அடக்கினால் உடம்புக்குக் கேடு, கொட்டித் தீர்த்துவிட வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி உண்மை. முகத்தில் காட்டாமல் அமுக்கிவைக்கும்போது உடலின் படபடப்பு குறைவதில்லை என்பதை ஜேம்ஸ் கிராஸ் போன்ற உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கொட்டித் தீர்த்தால் தணியும் என்ற மறுபாதி தவறு. 2002இல் பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சீண்டியவரை நினைத்துக் குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம் ஏறியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். அமுக்குவதும் கொட்டுவதும் தவிர மூன்றாவது வழியும் உண்டு. சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அவற்றில் சில, இன்று ஆராதனையில் வாசிக்கத் தயங்கும் அளவுக்கு உக்கிரமானவை. அடிபட்டவர் தம் கோபத்தை மறைக்காமலும் மெருகேற்றாமலும் கடவுளிடம் சொல்ல வேதம் இடம்கொடுக்கிறது. அப்படிச் சொல்லக் கேட்டு அதிர்ச்சியடையும் சபையைவிட வேதத்துக்கு நெஞ்சுரம் அதிகம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. சாந்தம், பொறுமை என்ற பெயரில்தான் தலித்துகளையும் பெண்களையும் காலங்காலமாக வாயடைத்தார்கள், ஆகவே கோபம் ஒரு விடுதலைச் சக்தி என்பது அது. 1981இல் பெவர்லி ஹாரிசன் அன்பின் செயல்பாட்டில் கோபத்துக்குள்ள வலிமை குறித்து எழுதிய கட்டுரையும், அதே காலத்தில் அரவிந்த் நிர்மல் தொடங்கிவைத்த தலித் இறையியலும் இதை நமக்கு மறக்க முடியாதபடி கற்பித்தன. தோலைத் தொட்டவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிய சமூகம், அந்தத் தோலை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் வட்டாரத்தில் இந்தப் பாடத்தின் அவசியம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மறுப்போடு எனக்குச் சண்டை இல்லை. இந்தக் கட்டுரையின் வாதம் அதற்குத் துணைநிற்கிறது. பொறுமை முதலில் வலியவரின் கடன் என்று ஏற்றுக்கொண்டால், எளியவரை வாயடைக்க அதைப் பயன்படுத்த முடியாது. எளியவருக்கு மீதமிருப்பது, தம் கோபம் தம்மையே சுட்டெரிக்காமல் நியாயத்தின் வாசலுக்குப் போய்ச்சேரும்படி அதைச் சொல்லாக்கும் வேலை.

அப்படிச் சொல்லாக்கிய ஒரு கோபம் இந்த மண்ணில் சட்ட வரலாறே படைத்தது. டேனரிக் கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்து விளைநிலம் பாழானபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அது மதச்சார்பு இல்லாத அமைப்பு. அதனாலேயே சபைகள் அதனிடம் கற்க வேண்டியது இன்னும் அதிகம். தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர்செய்ய லாயக்கற்றுப் போயிருந்ததை 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு பதிவுசெய்தது. டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும், கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. இன்று நாட்டின் பல சுற்றுச்சூழல் வழக்குகளில் வேலூரின் பெயர் மேற்கோளாக வருகிறது. தீயோ கல்லோ இல்லாமல், அளவெடுத்த கிணறுகளும் எண்ணிச் சொன்ன ஏக்கர்களுமாகப் பேசிய கோபம் அது.

ஆனால் கேட்டவர்களின் கடன் தீர்ந்ததா? 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் கழிவுச்சேற்றில் மூழ்கி இறந்தனர். 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட வேண்டியிருந்தது. முதல் மனுவுக்கும் அந்த ஆணைக்கும் இடையே 34 ஆண்டுகள். யாக்கோபு கோபத்துக்குத்தான் தாமதம் கேட்டார், கேட்பதற்கு விரைவு கேட்டார். நாம் இரண்டையும் இடம் மாற்றிவிட்டோம். முறையிட்டவர் முப்பத்துநான்கு ஆண்டு பொறுத்தார் என்று அவரைப் பாராட்டுவது சாந்தத்தின் போதனை ஆகாது. கேட்க வேண்டியவர் இத்தனை காலம் எடுத்தது பாவம் என்று பெயர் சொல்லிக் கண்டிப்பதே அதன் முதல் பாடம்.

ஆகவே வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அடுத்த லெந்து நாட்களுக்குப் பிரசங்கம் ஆயத்தப்படுத்தும் ஆயர்களுக்கும், தவக்காலத் தியானம் நடத்தும் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாக்கோபின் முதல் அதிகாரத்தை எடுத்தால் ஐந்தாம் அதிகாரத்தையும் சேர்த்தே வாசியுங்கள். வாசித்த அன்று சபையில் அதிகாரம் உள்ளவர்கள், அதாவது ஆயர், கமிட்டி அங்கத்தினர், பள்ளி நிர்வாகி, கம்பெனி மேலாளர், குடும்பத் தலைவர் எல்லாரும், முன்வரிசையை விட்டு எழுந்து பின்வரிசையில் உட்காரட்டும். ஷூ கம்பெனியிலும் டேனரியிலும் வேலைசெய்யும் உறுப்பினர்களை முன்னால் அழைத்து, தங்கள் மனத்தில் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். கசப்பாக இருந்தாலும், கோபமாகவே வந்தாலும், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கிட வேண்டாம்.